தங்கிய ஊருக்கு நாம் பட்ட கடன்

 

எழுத்து எனக்குத் தொழிலன்று. மதரஸாவில் ஓதியதும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்ததும் தவிர வேறு கல்வி எனக்கு இல்லை. புக்கிட் பாத்தோக்கில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். எனினும் சில மாதங்களாக ஒரு கேள்வி என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. என் மகனால் வந்த கேள்வி அது. நம்மவர் பலருடைய வீட்டிலும் இன்றோ நாளையோ இது தலைகாட்டும் என்பதால் சங்கத்துப் பத்திரிகையில் எழுதத் துணிந்தேன். மார்க்கச் சட்டத்தில் பிழை கண்டால் ஆலிம்கள் திருத்திக் கொடுக்க வேண்டுகிறேன்.

விஷயம் இதுதான். என் மூத்த மகனுக்கு வயது 24. பாலிடெக்னிக்கில் படித்து, நாட்டுச் சேவையை முடித்து, இங்குள்ள ஒரு கம்பெனியில் கணினி உத்தியோகம் பார்க்கிறான். அலுவலகத்துக்கு மாதம் ஒருநாள் போனால் அதிகம். மற்ற நாளெல்லாம் என் வீட்டுக் கூடத்து மேசைதான் அவன் ஆபீஸ். சென்ற ஆண்டு ஓர் இரவு, நான் கடையை அடைக்கும் நேரத்தில் வந்து நின்றான்.

“வாப்பா, ஒரு வருஷம் பினாங்கில் போய் இருக்கலாமென்று நினைக்கிறேன்.”

“வேலை?”

“இதே வேலைதான்.”

“படிப்பு?”

“அதுவும் இதேதான்.”

லண்டன் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு அவன் கணினி வழியே படித்துக்கொண்டிருக்கிறான். இவ்வாறு நேரில் போய் உட்காராமல் பட்டம் வாங்குவது புதிதென்று நான் எண்ணியிருந்தேன். புதிதன்றாம், 1858-லேயே அப்பல்கலைக்கழகம் எந்த ஊரில் இருப்பவனும் படித்துப் பரீட்சை எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. அக்காலத்தில் பாடம் கப்பலில் வந்தது. இக்காலத்தில் கண்ணாடித் திரையில் வருகிறது.

ஆக, உடம்பு பினாங்கில், சம்பளம் சிங்கப்பூரில், படிப்பு லண்டனில். “உன்னை அங்கே என்னவென்று சொல்லி உள்ளே விடுவார்கள்?” என்று கேட்டேன். அதற்கென்றே ஒரு விசா இருக்கிறதாம். டிஜிட்டல் நாடோடி விசா என்று பெயர். நம் ஊர்ப் பக்கத்தில் ஒருவனை நாடோடி என்றால் சண்டைக்கு வருவான்; இப்போதோ அதற்கு அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுக்கிறது!

கொரோனா காலத்தில், 2020-இல், பார்படோஸ் தீவும் எஸ்தோனியாவும் இத்தகைய விசாவைக் கொடுக்கத் தொடங்கின. ஸ்பெயின் 2023-லும், தாய்லாந்தும் ஜப்பானும் 2024-லும் பின்தொடர்ந்தன. மலேசியா 2022-இல் தொடங்கிய திட்டத்துக்கு ‘ராந்தாவ்’ என்ற மலாய்ச் சொல்லைச் சூட்டியது. பிறந்த ஊரை விட்டு வெளியூரில் போய்ப் பிழைப்பதை மலாய்க்காரர் ‘மெராந்தாவ்’ என்பர். கணினித் தொழிலில் இருப்பவர் ஆண்டுக்கு 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் வெளிநாட்டிலிருந்து சம்பாதிப்பதாகக் காட்டினால் 3 மாதம் முதல் 12 மாதம் வரை அங்கே தங்கலாம். மேலும் 12 மாதத்துக்குப் புதுப்பிக்கலாம். அந்நாட்டு மக்களின் வேலையில் கைவைக்கக் கூடாது. வெளியில் சம்பாதித்து உள்ளே செலவழிக்கவேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

‘ராந்தாவ்’ என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு நம் ‘சபர்’ நினைவுக்கு வந்தது. இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு சிற்றூர் என் பிறந்தகம். அங்கே “மாப்பிள்ளை எங்கே?” என்று கேட்டால் “சபரில் இருக்கிறார்” என்பார்கள். எந்த நாடு என்று யாரும் கேட்பதில்லை. என் பாட்டனார் சபராளி. என் வாப்பா 1958-இல், பதின்மூன்று வயதில், தம் தகப்பனாரோடு இவ்வூருக்கு வந்த சபராளி. கல்யாணம் ஊரில், பிள்ளைகள் ஊரில், கடை இங்கே. நான் பிறந்து பதினான்கு வயது ஆகும்வரை வாப்பாவை ஐந்து முறைதான் கண்டிருக்கிறேன். 1993-இல் நான் இங்கு வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் என்னை அழைத்துப்போக வந்தவரை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் பிடித்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், கேட்டதில்லை.

ஆகவே, மகன் போகிறேன் என்று சொன்னது எனக்குப் புதுமையன்று. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக நடப்பதுதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வாப்பாவின் உடம்பு இருந்த இடத்தில்தான் அவர் கடையும் இருந்தது. கடை இருந்த இடத்தில் அவரைத் தெரிந்த ஜனங்கள் இருந்தார்கள். மனம்தான் ஊரில் இருந்தது. மகனுக்கோ உடம்பு இருக்கும் இடத்தில் எதுவுமே இல்லை. ஒரு வாடகை அறையும் ஒரு மின்கம்பியும் போதும்.

வியாபாரிகளாகிய நாம் முதலில் கணக்கைப் பார்ப்போம். 1973 மே மாதம் வரை சிங்கப்பூர் வெள்ளியும் மலேசிய ரிங்கிட்டும் ஒன்றுக்கு ஒன்று. வாப்பா ஜோகூரில் சரக்கு வாங்கி அதே நோட்டைக் கொடுத்துவிட்டு வருவாராம். இன்று ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. ஆகையால் வெள்ளியில் சம்பளம் வாங்கி ரிங்கிட்டில் சாப்பிடுகிறவனுக்கு ஒரே மாதச் சம்பளம் மூன்று மாதச் சம்பளம்போலத் தோன்றும். உழைப்பை விலை கூடிய சந்தையில் விற்று, சோற்றை விலை குறைந்த சந்தையில் வாங்குகிறான். நாம் ஏலக்காயிலும் வெங்காயத்திலும் செய்வதை அவன் தன் உடம்பை வைத்துச் செய்கிறான். இதில் ஹராம் ஒன்றுமில்லை. இதைக் குற்றமென்றால் நம் கல்லாப்பெட்டியை எல்லாம் மூடவேண்டியதுதான்.

டன்லப் தெருவில் அப்துல் கபூர் பள்ளிவாசலுக்கு அருகே கடை வைத்திருக்கும் என் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் தயங்காமல் பதில் சொன்னார்: “தம்பி, அவன் அந்த ஊரில் யாரிடமும் இனாமாக எதையும் வாங்கவில்லை. அறைக்கு வாடகை கொடுக்கிறான், சோற்றுக்குக் காசு கொடுக்கிறான், வண்டிக்குக் கட்டணம் கொடுக்கிறான். ரொக்கம் கொடுத்து வாங்குகிற ஆளுக்கு ஏது பாக்கி? அந்த ஊருக்கு அவன் என்ன கடன்பட்டவன்?”

கேட்டவுடன் மறுக்க முடியாத பேச்சு. பற்றும் வரவும் நேரானால் கணக்கு முடிந்தது என்பதுதான் நம் தொழில் நியாயம். நானும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் எம்ஆர்டியில் வீடு திரும்பும்போது, மதரஸாவில் ஓதிய ஒரு பாடம் முப்பத்தைந்து வருஷத்துக்குப் பின் வந்து வழிமறித்தது.

பிரயாணிக்கு நம் மார்க்கச் சட்டத்தில் சலுகைகள் உண்டென்பதை அனைவரும் அறிவோம். நான்கு ரக்அத்து இரண்டாகும், நோன்பைப் பிற்படுத்தலாம், ஜும்ஆ கடமையில்லை. ஆனால் இச்சலுகை எதுவரை? ஷாபிஈ மத்ஹபில், போய்ச்சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக, ஓரூரில் நான்கு நாள் தங்குவதென்று நிய்யத்து வைத்தவன் அங்கே போய்ச் சேர்ந்ததுமே முஸாபிர் அல்லன், முகீம். ஹனபி மத்ஹபில் அது பதினைந்து நாள். சரக்கு இன்று வரும் நாளை வரும் என்று காத்துக் கிடக்கும் வியாபாரிக்கு மட்டும் ஷாபிஈயில் பதினெட்டு நாள் வரை தயவு உண்டு. (நம் தொழிலை அறிந்தவர்கள்தாம் சட்டம் வகுத்திருக்கிறார்கள்!) மலேசிய அரசாங்கமோ ஆண்டில் 182 நாள் தங்கிய பிறகுதான் ஒருவனை வரிக்கணக்கில் அந்நாட்டு வாசியாகச் சேர்க்கிறது, சிங்கப்பூரில் 183 நாள். சர்க்கார் அரை வருஷம் பொறுக்கிறது. பிக்ஹு நூல் நான்கு நாள்தான் பொறுக்கிறது.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. ஜும்ஆவுக்கு நாற்பது பேர் வேண்டும் என்பது ஷாபிஈச் சட்டம். அந்த நாற்பது பேரும் அவ்வூரையே தம் ஊராகக் கொண்டு வாழ்பவராக இருக்கவேண்டும். வேலை முடிந்ததும் ஊர் திரும்பும் எண்ணத்தோடு தங்கியிருக்கும் ஒருவன் ஜும்ஆவுக்குக் கட்டாயம் வரவேண்டும். ஆனால் நாற்பதில் அவனை எண்ணமாட்டார்கள். கடமை உண்டு, கணக்கில் இடம் இல்லை. இதற்கு யாரை உதாரணம் காட்டுவார்கள் தெரியுமா? வெளியூரில் தங்கி ஓதும் மாணவனையும், வெளியூரில் தங்கி விற்கும் வியாபாரியையும். சிறுவயதில் இதைக் கேட்டபோது, ‘எண்ணாதவன் ஏன் வரவேண்டும்?’ என்று எனக்குக் கோபம் வந்தது. உஸ்தாதிடம் கேட்டும்விட்டேன். “ஊர் உன்னை எண்ணுகிறதா என்பது ஊரின் கணக்கு, நீ ஊரில் இருக்கிறாயா என்பது உன் கணக்கு” என்றார். அன்று புரியவில்லை.

ஓதும் மாணவன் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் மதரஸாவில் வெளியூர்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் தங்கி ஓதினார்கள். அவர்களுக்கு வீட்டுக்கு வீடு முறைச்சோறு. எங்கள் வீட்டு முறை செவ்வாய்க்கிழமை. அன்று மட்டும் உம்மா மீன் ஆணத்தில் கொஞ்சம் புளியைக் குறைப்பார், வருகிற பையனுக்கு ஆகாதென்று. அந்தப் பையன் சாப்பிட்டுவிட்டுப் போகும்போது என் தங்கைக்கு அலிப், பே சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவான். யாரும் கேட்டு அவன் செய்ததில்லை. லண்டனில் படிக்கும் என் மகனுக்கு எந்த வீட்டிலும் செவ்வாய்க்கிழமை கிடையாது. கட்டணம் கட்டுகிறான், பாடம் வருகிறது. அந்தக் கல்வி குறைவானது என்று நான் சொல்லவில்லை. என்னைக் காட்டிலும் நூறு மடங்கு அறிவாளியாகத்தான் வருவான். ஆனால் ஒருவனுக்கு ஆகாத புளியை இன்னொருத்தி நினைவில் வைத்துக்கொள்ளும் சங்கதி ஒன்று இருக்கிறதே, அதற்கு அந்தக் கட்டணத்தில் ரசீது இல்லை.

நிற்க. நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். ரொக்கம் கொடுத்தவனுக்குப் பாக்கி இல்லை என்பது சரியா?

என் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். அஸர் தொழுகைக்கு நான் மேலே வீட்டுக்குப் போய்வரும் கால்மணி நேரம் கடை திறந்தேதான் இருக்கும். பக்கத்தில் பத்திரிகை விற்ற சீனப் பெரியவர் ஒருவர் தம் முக்காலியை இரண்டடி நகர்த்திப் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஆள் வந்தால் காசை வாங்கிக் கல்லாவின்மேல் வைப்பார். பதினெட்டு வருஷம் இப்படி நடந்தது. நான் அவரிடம் பத்திரிகை வாங்கினால் காசு கொடுத்துவிடுவேன். அவர் என்னிடம் சிகரெட்டு வாங்கினால் காசு கொடுத்துவிடுவார். ரொக்கக் கணக்கில் இருவருக்கும் பாக்கியில்லை. 2020 ஏப்ரலில் கட்டுப்பாடு வந்து எல்லாம் அடைபட்டது. பலசரக்குக் கடை என்பதால் என் கடை மட்டும் திறந்திருந்தது. பெரியவர் வரவில்லை. ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்க்கலாமென்று எண்ணியபோதுதான், அவர் எத்தனையாவது மாடி, எந்தக் கதவு என்பதே எனக்குத் தெரியாதென்று தெரிந்தது. சீனப் பெயரின் முதல் எழுத்துகூடத் தெரியாது. ‘அங்கிள்’ என்றே பதினெட்டு வருஷம் ஓட்டிவிட்டேன். மகள் வீட்டுக்குப் போய் அங்கேயே காலமாகிவிட்டார் என்ற செய்தி மூன்று வாரம் பொறுத்து, முட்டை வாங்க வந்த ஒரு மாதின் வாயால் எனக்குத் தெரியவந்தது.

அன்றிரவு கடையை அடைக்கும்போது வெட்கமாக இருந்தது. விசா, நாடோடி என்ற பேச்செல்லாம் வரும் முன்பே, இந்த அடுக்குமாடியில் நான் முஸாபிராகத்தான் இருந்திருக்கிறேன்! மகனைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

காசு கொடுத்து வாங்கும் சாமான்களைக் கொண்டு மட்டும் ஓர் ஊர் நடப்பதில்லை. முக்காலியை நகர்த்திப் போடுகிறவர்கள் இருப்பதால் நடக்கிறது. ஊருக்குப் புதிதாக வருகிறவன் இறங்கிய அன்றே அதை அனுபவிக்கத் தொடங்கிவிடுகிறான். இரவில் பயமின்றி நடக்கிறான், வழி கேட்டால் ஒருவர் நின்று சொல்கிறார். அதற்கு அவன் எந்தக் கல்லாவிலும் காசு போடவில்லை. பாக்கி அங்கேதான் இருக்கிறது என்று நண்பருக்குப் பதில் சொன்னேன். “அப்படியானால் நம் முன்னோர் என்ன செய்தார்கள்? சம்பாதித்ததையெல்லாம் மணியார்டர் கட்டி ஊருக்குத்தானே அனுப்பினார்கள்?” என்று மடக்கினார். நியாயமான மடக்கு.

அனுப்பினார்கள்; உண்மை. என் வாப்பாவும் ஊரில் மாடிவீடு கட்டினார். இங்கே ஒரு நல்ல நாற்காலி வாங்கவில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டார்களா? கடையநல்லூர்ச் சகோதரர்கள் 1941-இல் இங்கே முஸ்லிம் லீக் அமைத்தார்கள். போர் முடிந்த கையோடு, 1946-இல், உமறுப்புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். ஊர் திரும்பும் எண்ணத்தில் இருந்தவர்களுக்கு இங்கே பள்ளிக்கூடம் எதற்கு? அதில் முஸ்லிமல்லாத தமிழ்ப் பிள்ளைகளும் படித்தார்கள். 1982-இல் பள்ளி மூடப்பட்டபின்னும் அப்பெயர் தமிழ்மொழி நிலையமாக இன்றுவரை நிற்கிறது. தெலுக் ஆயர் தெருவில் 1828-இல் நாகூர் தர்கா கட்டத் தொடங்கியவர்களும் சபராளிகளே. பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-இல், கிழக்கிந்தியக் கம்பெனி தந்த நிலத்தில், நம்மவர் தலைமையில் எழுந்தது. இவர்களில் எத்தனையோ பேர் எந்த நாற்பதிலும் எண்ணப்படாதவர்கள்.

பினாங்கைப் பற்றி இன்னும் ஒன்று. வெளியாட்களின் பணம் வந்து வாடகை ஏறி உள்ளூர்க்காரர் வெளியேறுகிறார்கள் என்ற குறை பல நாடுகளில் எழுந்திருக்கிறது. மெக்ஸிகோ நகரத்தில் 2025 ஜூலையில் ஜனங்கள் தெருவில் இறங்கிக் கூச்சலிட்டார்கள். ஜார்ஜ் டவுனிலும் பழங்குடிகள் பலர் கடைவீடுகளை விட்டுப் போனதுண்டு. ஆனால் அந்தப் பழியை நாடோடி விசாக்காரர் தலையில் போடுவது தகாது. அங்கே பழைய வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டு பிறந்ததோடு நீங்கியது; 2008-இல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் நகரம் சேர்ந்தது; விலை ஏறிற்று. விசா வந்தது அதற்கெல்லாம் பின்னர். எனினும் ஏறிய விலையில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவன், தனக்குப் பின்னால் நிற்கும் உள்ளூர்க்காரனுக்கும் சேர்த்துத்தான் விலையை ஏற்றுகிறான் என்பதை வியாபாரியாகிய நான் மறுக்க மாட்டேன். ஆகவே மகனிடம் வாடகையைப் பேரம் பேசு என்றேன். வெள்ளியில் மலிவென்பது அங்கே மலிவென்று ஆகாது.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்ல நான் யார்? என் உம்மாவுக்கு இப்போது கண்பார்வை குறைந்துவிட்டது. பேரன் குரல் கேட்டால்தான் சாப்பாடு இறங்கும். அந்தக் காரணத்தைச் சொல்லி நிறுத்தியிருக்கலாம். உம்மாவே தடுத்துவிட்டார். “முப்பது வருஷம் ஒருத்தரைச் சபருக்கு அனுப்பினவள் நான், ஒரு வருஷம் எனக்குப் பெரிசா?” என்றார். நாட்டுச் சேவைக்குரிய பயிற்சிக்குக் கூப்பிட்டால் வந்துவிடவேண்டும். அது பத்தாண்டுக் கடன். மற்றபடி இரண்டு காரியம் மட்டும் சொன்னேன்: ஒரே பள்ளிவாசலில் தொழு, ஒரே கடையில் சாப்பிடு. ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவனுக்கு இது என்ன கட்டளை என்று சிரித்தான்.

போய் நான்கு மாதமாகிறது. சென்ற வாரம் பேசியபோது நாசி கண்டார் கடைக்காரர் ஒருவர் அவனுக்குக் கணக்கு வைத்துவிட்டதாகச் சொன்னான். நம் பக்கத்து ஆள்தான். அந்தக் காலத்து 555 நோட்டில் எழுதுகிறாராம். 27 ரிங்கிட் பாக்கி. ‘ஏன் பாக்கி வைத்தாய், உடனே கொடுத்துவிடு’ என்று வாய்வரை வந்துவிட்டது. இவ்வளவு தூரம் யோசித்த நானே! முன்பின் தெரியாத ஆளுக்கு நான் என் கடையில் கணக்கு வைப்பேனா? மாட்டேன். மூன்று மாதமாவது முகத்தைப் பார்ப்பேன், எந்த வீடு என்று விசாரிப்பேன், மனைவி மக்கள் யார் என்று கேட்பேன். அந்த மனிதர் இதையெல்லாம் கேட்டிருக்கிறார், இவனும் சொல்லியிருக்கிறான். பேசாமல் இருந்துகொண்டேன்.

ரமலானும் நெருங்குகிறது. பொருளின் ஜக்காத்து பொருள் இருக்கும் இடத்தில், பித்ரா உடம்பு இருக்கும் இடத்தில் என்பது ஷாபிஈச் சட்டம். அவன் சேமிப்பு இங்குள்ள பாங்கியில் கிடப்பதால் அதன் ஜக்காத்து சிங்கப்பூருக்கு. பித்ரா மட்டும் பெருநாளிரவு சூரியன் மறையும்போது அவன் எங்கே இருக்கிறானோ அங்கே. வழக்கமாக வீட்டார் அனைவருக்கும் நானே சேர்த்து அர்ரவ்ளா பள்ளிவாசலில் கட்டிவிடுவேன். நேற்று உம்மா விரல்விட்டு எண்ணினார். எப்போதும்போல ஆறு என்றார். ஐந்து என்றேன். இரண்டாம் முறையும் ஆறு என்று எண்ணிவிட்டு, பிறகு தாமாகவே ஒரு விரலை மடக்கிக்கொண்டார்.